எடுக்க ஒரு படி, கொடுக்க ஒரு படி

கொங்கு நாட்டுச் சந்தைகளில் தானியத்தை வள்ளத்தாலும் படியாலும் அளந்து விற்ற காலம் ஒன்றிருந்தது. ஊருக்கு ஊர் அளவை வேறுபட்டமையால் வாங்குவோன் ஏமாறுவதும் விற்போன் பழிக்கு ஆளாவதும் வழக்கமாயின. 1956இல் நடுவண் அரசு எடையளவைச் சட்டம் இயற்றி, மெட்ரிக் முறையை நாடெங்கும் படிப்படியாக நிலைநாட்டியது. இன்று ஈரோட்டு மஞ்சள் மண்டியாயினும் கோவைக் கடைவீதியாயினும் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் அரசு முத்திரை வேண்டும். முத்திரையில்லாத கல்லை வைத்து நிறுப்பது குற்றம்.

ஆனால் முத்திரை குத்தப்படாத அளவை ஒன்று நம்மிடையே தாராளமாகப் புழங்கி வருகிறது. ஒரு சமுதாயம் முன்னேறியதா, பின்தங்கியதா, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைவெளி எவ்வளவு, நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்று சொல்லும்போது நாம் கையாளும் விழுக்காட்டுக் கணக்குதான் அது. மேடையில் பேசுவோரும் ஏட்டில் எழுதுவோரும் கோரிக்கை மனு தீட்டுவோரும் தமக்கு வேண்டிய படியைத் தாமே எடுத்து அளக்கின்றனர். அப்படி அளப்பது மார்க்கத்தின் பார்வையில் நேர்மையா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் வினா.

திருமறையில் 'முதஃப்பிஃபீன்' என்றொரு அத்தியாயம் உண்டு. அளவில் மோசம் செய்வோரைக் கண்டித்து அது தொடங்குகிறது. அங்கே கண்டிக்கப்படுவோர் யாவர் என்பதைக் கூர்ந்து நோக்கவேண்டும். பிறரிடமிருந்து தாம் பெறும்போது நிறைய அளந்து வாங்கிக்கொண்டு, பிறருக்குத் தாம் கொடுக்கும்போது குறைத்து அளப்போரே அவர்கள். ஆக, குறை என்பது படியில் மட்டும் இல்லை. எடுக்க ஒரு படி, கொடுக்க ஒரு படி என்று இரண்டு வைத்திருப்பதில் இருக்கிறது. மத்யன் நகரத்தாருக்கு நபி ஷுஐப் (அலை) அவர்கள் செய்த எச்சரிக்கையும் இதைப் பற்றியதே. வானத்தை உயர்த்தித் தராசை நிலைநிறுத்தியதாக 'அர்ரஹ்மான்' அத்தியாயம் கூறுவதை ஓதும்போது, அந்தத் தராசு மளிகைக் கடையோடு முடிந்துபோவதன்று என்பதை உணர்கிறோம். சொல்லுக்கும் தராசு உண்டு. எண்ணுக்கும் தராசு உண்டு.

முதலில் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வோம். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கோவை மாவட்டத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 84 பேர். ஈரோடு மாவட்டத்தில் 72.6 பேர். இவ்விரண்டையும் கழித்தால் 11.4 வருகிறது. இதை '11.4 விழுக்காடு குறைவு' என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பிழை. இவ்வாறு இரு விழுக்காடுகளைக் கழித்து வருவது விழுக்காட்டுப் புள்ளி. 'ஈரோடு கோவையைவிட 11.4 விழுக்காட்டுப் புள்ளி தாழ்ந்திருந்தது' என்பதே சரியான சொல். கோவையின் 84ஐ முழுமையாக வைத்து அதில் எத்தனை பங்கு குறைகிறது என்று கேட்டால், விடை ஏறத்தாழ 13.6 விழுக்காடு. எழுத்தறியாதோரை எண்ணினாலோ, கோவையில் 16 பேர், ஈரோட்டில் 27.4 பேர், அதாவது ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரே செய்திக்கு மூன்று அளவைகள். மூன்றும் பொய்யல்ல. ஆயினும் கேட்போர் உள்ளத்தில் மூன்றும் ஒரே எடையோடு விழுவதில்லை.

இது வெறும் சொல் நுணுக்கம், பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று யாரும் எண்ணவேண்டா. நம் பிள்ளைகளின் கல்லூரி இடத்தையே தொட்ட ஒரு செய்தியைக் காண்போம். 2007இல் தமிழக அரசு, பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டு ஒதுக்கீட்டினுள் முஸ்லிம்களுக்கு 3.5, கிறித்தவர்களுக்கு 3.5 எனத் தனி ஒதுக்கீடு வழங்கியது. கிறித்தவச் சகோதரர்கள் மறு ஆண்டே தமது தனி ஒதுக்கீட்டை வேண்டாவென்று விட்டுவிட, பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 என்று அமைந்தது. '30இல் மூன்றரை விழுக்காடு' என்று ஒருவர் சொன்னால் அதற்கு இரு பொருள் கொள்ளலாம். மொத்த இடங்கள் நூற்றில் மூன்றரை என்பது ஒன்று. 30இன் நூற்றுக் கூற்றில் மூன்றரை, அதாவது நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும் 1.05 இடம் என்பது மற்றொன்று. சட்டம் தந்தது முன்னது. 200 இடமுள்ள ஓரிடத்தில் அது 7 இடம். பின்னதாயின் இரண்டே இடம். ஒரு சொல் விடுபட்டால் ஐந்து பிள்ளைகள் வாயிலில் நிற்க நேரும். மறுபுறம், ஏனைய பிற்படுத்தப்பட்டோரின் பங்கு 30இலிருந்து 26.5 ஆனதை 'மூன்றரைப் புள்ளி குறைந்தது' என்றும் சொல்லலாம். 'ஏறத்தாழ 12 விழுக்காடு குறைந்தது' என்றும் சொல்லலாம். பெற்றவர் முன்னதைச் சொல்வார். இழந்தவர் பின்னதைச் சொல்வார். இருவரும் தத்தம் படியோடு வந்து நிற்கின்றனர்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்து முஸ்லிம்களில் எழுத்தறிந்தோர் 82.9 விழுக்காடு. மாநிலத்தின் மொத்த விழுக்காடு 73.5. நாம் 9.4 புள்ளி மேலே நின்றோம். அதே ஆண்டில் இந்திய முஸ்லிம்கள் 59.1, நாட்டின் மொத்தம் 64.8. அங்கே 5.7 புள்ளி கீழே. பெருமை பேச விரும்புவோர் முதற்கணக்கையும் குறையிரக்க விரும்புவோர் இரண்டாம் கணக்கையும் எடுத்துக்கொள்வதைக் காண்கிறோம். சில வேளைகளில் ஒருவரே காலையில் அதையும் மாலையில் இதையும் எடுக்கிறார்.

அந்த 82.9க்குள் ஆண் பெண் வேறுபாட்டைப் பார்ப்போம். முஸ்லிம் ஆண்களில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ 90. பெண்களில் ஏறத்தாழ 76. இடைவெளி 14 புள்ளி. மாநிலம் முழுவதையும் எடுத்தால் ஆண்கள் 82.4, பெண்கள் 64.4, இடைவெளி 18 புள்ளி. 'பார்த்தீர்களா, பெண்களைப் படிக்கவைப்பதில் நாங்கள் மற்றவர்க்குப் பின்வாங்கவில்லை. இடைவெளி எங்களிடமே குறைவு' என்று ஒருவர் மேடையேறி முழங்கலாம். அவர் சொல்வது உண்மை.

இப்போது எழுத்தறியாதோரை எண்ணுங்கள். நம் ஆண்களில் நூற்றுக்கு 10 பேர். பெண்களில் 24 பேர். ஆண்களைப் போல் 2.4 மடங்கு. மாநில மொத்தத்தில் ஆண்கள் 17.6, பெண்கள் 35.6, ஏறத்தாழ இரு மடங்கு. 'கல்லாமையின் சுமையை ஆணைவிடப் பெண்ணின் தலையில் அதிகமாக ஏற்றிவைத்திருப்பது முஸ்லிம் சமுதாயமே' என்று வேறொருவர் எழுதலாம். அவர் சொல்வதும் உண்மை. ஒரே கணக்கெடுப்பு, ஒரே ஆண்டு, ஒரே எண்கள். ஒன்று புகழுரை ஆகிறது. மற்றொன்று குற்றப்பத்திரிகை ஆகிறது.

காலத்தை அளக்கும்போதும் இதே சிக்கல் எழும். 1951இல் இந்தியாவில் எழுத்தறிந்த ஆண்கள் 27.2 விழுக்காடு, பெண்கள் 8.9 விழுக்காடு. 1981இல் ஆண்கள் 56.4, பெண்கள் 29.8. முன்னது 5 வயதுக்கு மேற்பட்டோரையும் பின்னது 7 வயதுக்கு மேற்பட்டோரையும் எண்ணியது என்பதை நினைவிற்கொண்டே ஒப்பிடுவோம். புள்ளிக் கணக்கில் இடைவெளி 18.3இலிருந்து 26.6 ஆக விரிந்துவிட்டது. மடங்குக் கணக்கிலோ, 1951இல் எழுத்தறிந்த ஆண்கள் மூவருக்கு ஒரு பெண் என்றிருந்த நிலை, 1981இல் இருவருக்கு ஒருத்திக்கும் மேல் என்று உயர்ந்தது. அந்த முப்பது ஆண்டுகளில் நாடு பெண்ணுக்கு நன்மை செய்ததா, அநீதி செய்ததா? ஒரு படியால் மட்டும் அளப்போன் இதற்குச் சரியான விடை காணமாட்டான்.

அவ்வாறாயின் எந்தப் படி நியாயமானது? ஒவ்வொரு படியும் ஒவ்வொரு வினாவுக்கு விடை தருகிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். 'நூறு பேரில் எத்தனை பேருக்கு இன்னும் நாம் உதவவேண்டும்?' என்பது வினாவானால் விழுக்காட்டுப் புள்ளியே பொருந்தும். பள்ளிக்கூடம் கட்டுவோனுக்கும் உதவித்தொகை பிரிப்போனுக்கும் தலைகளின் எண்ணிக்கை வேண்டும். புள்ளிக்கு வேறொரு சிறப்பும் உண்டு. எழுத்தறிந்தோரைக் கழித்தாலும் 90க்கும் 76க்கும் வேறுபாடு 14. எழுத்தறியாதோரைக் கழித்தாலும் 24க்கும் 10க்கும் வேறுபாடு 14. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அது மாறுவதில்லை. மடங்கோ பக்கம் மாறினால் உருவம் மாறிவிடும். இவ்வகையில் புள்ளி ஒரு நேர்மையான சாட்சி.

ஆயின் அந்தச் சாட்சியும் சில இடங்களில் வாய்மூடி நிற்கும். 2006இல் வெளிவந்த நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கை, நாட்டு மக்களில் 13.4 விழுக்காட்டினரான முஸ்லிம்கள் இந்திய ஆட்சிப் பணியில் 3 விழுக்காடும் வெளியுறவுப் பணியில் 1.8 விழுக்காடுமே இருப்பதாகக் காட்டியது. இவ்விரு பணிகளுக்கும் உள்ள வேறுபாடு 1.2 புள்ளிதான், காதில் விழாத அளவுக்குச் சிறியது. ஆனால் 3க்கு 1.8 என்பது ஐந்தில் இரு பங்கு குறைவு. எண்கள் மிகச் சிறியனவாகும்போது புள்ளிக் கணக்கு ஒன்றுமில்லாததுபோல் தோற்றம் தருகிறது. 2க்கும் 6க்கும் உள்ள வேறுபாடும் 50க்கும் 54க்கும் உள்ள வேறுபாடும் புள்ளியில் ஒன்றே. வாழ்க்கையில் ஒன்றல்ல.

இந்த வினா நம் உலமாக்களுக்குப் புதியதன்று. உஷ்ரு எனும் விளைச்சல் ஜக்காத்தில், வானம் பார்த்து விளைந்ததற்குப் பத்தில் ஒன்றும், நீர் இறைத்து விளைந்ததற்கு இருபதில் ஒன்றும் கடமை. 10க்கும் 5க்கும் வேறுபாடு ஐந்தே புள்ளி. ஆனால் ஆழ்கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கொங்கு நாட்டு விவசாயிக்கு அது கடமையில் சரிபாதி. உழைப்பின் சுமையை ஷரீஅத் பாதியாக மதித்தது என்பதே அதில் நாம் உணரவேண்டிய பொருள்.

ஃபராயிள் எனும் பாகப்பிரிவினைக் கலையில் இதைவிடத் தெளிவான சான்று இருக்கிறது. கணவனையும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரையும் விட்டு ஒரு பெண் இறக்கிறாள். கணவனுக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. கூட்டினால் சொத்தைவிடப் பங்கு மிகுந்துவிடுகிறது. ஆறு கூறுள்ள சொத்துக்கு ஏழு கூறு கேட்கப்படுகிறது. உமர் (ரலி) அவர்களின் காலத்தில் இத்தகைய வழக்கு வந்தபோது, 'அவ்ல்' எனும் முறை மேற்கொள்ளப்பட்டது. ஆறு என்பதை ஏழாக்கி, கணவனுக்கு ஏழில் மூன்றும் சகோதரிகளுக்கு ஏழில் நான்கும் அளித்தனர். புள்ளியில் பார்த்தால் கணவன் 50இலிருந்து 42.9க்கு இறங்கி 7.1 புள்ளி இழக்கிறான், சகோதரிகள் 66.7இலிருந்து 57.1க்கு இறங்கி 9.5 புள்ளி இழக்கின்றனர். இழப்பு சமமில்லை என்று தோன்றும். ஆனால் ஒவ்வொருவரும் தம் பங்கில் ஏழில் ஒன்றையே இழக்கின்றனர். புள்ளியைச் சமமாக்கியிருந்தால் கணவன் தன் பங்கில் ஆறில் ஒன்றையும் சகோதரிகள் எட்டில் ஒன்றையும் இழந்திருப்பர். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இம்முறையை ஏற்கவில்லை என்பதும் கிதாபுகளில் பதிவாகியுள்ளது. நாம் கவனிக்கவேண்டியது வேறு. வழக்குக்கு வந்தவர் யார் என்று பார்த்து அவர்கள் அளவையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அளவையை முன்னரே நிறுத்தினர். பிறகு கணவன் வந்தாலும் தாய் வந்தாலும் சகோதரி வந்தாலும் அதே அளவையால் அளந்தனர். நீதி என்பது அதுவே.

படியைப் பற்றிச் சொன்னோம். படிக்குள் எதைப் போட்டு அளக்கிறோம் என்பதும் ஒரு கேள்வி. 2016இல், 'இந்திய முஸ்லிம்களில் 42.7 விழுக்காட்டினர் எழுத்தறியாதோர்' என்று ஏடுகள் பெரிதாக வெளியிட்டன. 2011 கணக்கெடுப்பிலிருந்து எடுத்த அந்த எண்ணில், ஆறு வயது நிரம்பும் வரையுள்ள பச்சிளம் குழந்தைகளும் எழுத்தறியாதோராகச் சேர்க்கப்பட்டிருந்தனர். தொட்டிலில் கிடக்கும் குழந்தையை எழுத்தறியாதது என்று சொல்வது எந்த வழக்கில் சேரும்? ஏழு வயதிலிருந்து எண்ணும் முறைப்படி அந்த எண் ஏறத்தாழ 31.5. எல்லாச் சமயத்தாருக்கும் அப்படித்தான் கணக்கிட்டிருந்தனர். எனினும் குழந்தைகள் மிகுதியாக உள்ள சமுதாயத்துக்கு அதனால் இழுக்கு மிகுதியாயிற்று. இதை எடுத்துக் காட்டிக் கண்டிக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அதே மூச்சில், தமிழக முஸ்லிம்களின் 82.9ஐ மாநிலத்தின் 73.5உடன் ஒப்பிட்டு மார்தட்டும்போது, நம்மவரில் பெரும் பகுதியினர் நகரவாசிகள் என்பதையும், மாநில மக்களில் 2001இல் நகரவாசிகள் 44 விழுக்காட்டினரே என்பதையும் சொல்லவேண்டும். பள்ளிக்கூடம் அருகிலிருந்தவனையும் தொலைவிலிருந்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்தி, அருகிலிருந்தவனுக்கு மாலை சூட்டுவது நியாயமன்று.

'கொடுக்கும் படி' என்று நாம் சொன்னதன் உண்மையான சோதனை இனிமேல்தான். 2001இல் தமிழகத்தின் பட்டியல் சாதி மக்களில் எழுத்தறிந்தோர் 63.2 விழுக்காடு. அவர்களுக்கும் நமக்கும் இடைவெளி 19.7 புள்ளி. நாட்டளவில் 5.7 புள்ளி இடைவெளியை அநீதி என்று நாம் அழைக்கிறோம், அழைப்பது சரியே. அப்படியானால் நம் மாநிலத்தில் நமக்குக் கீழே நின்றவரின் 19.7 புள்ளியை எப்பெயரால் அழைப்பது? நாம் பெறவேண்டியதைப் பேசும்போது அது 'சமூக அநீதி'. பிறர் பெறவேண்டியதைப் பேசும்போது அது 'அவரவர் முயற்சிக் குறைவு' என்றால், முதஃப்பிஃபீன் அத்தியாயம் யாரை நோக்கி இறங்கியது என்று மீண்டும் ஓதிப் பார்க்கவேண்டும். அவ்வாறே, அரசிடம் மடங்குக் கணக்கில் முறையிட்டுவிட்டு, நம் பெண்மக்களின் கல்வி பற்றிக் கேட்டால் புள்ளிக் கணக்கில் ஆறுதல் அடைவது எந்த அளவையில் சேர்ந்தது?

இங்கே ஒரு மறுப்பு எழும். 'நலிந்த சமுதாயம் தன் வழக்கை வலுவாகத்தான் சொல்லவேண்டும். எதிர்த் தரப்பு தனக்கு வாய்த்த எண்ணை எடுக்கும்போது நாம் மட்டும் நடுவுநிலை பேசினால் நட்டமடையமாட்டோமா?' என்பர். இம்மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பசித்தவன் தன் பசியை உரத்துச் சொல்வதைக் குற்றமென யார் சொல்வார்? எனினும் இரண்டு விடைகள் உண்டு. தமக்கும் தம் பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி 'அந்நிஸா' அத்தியாயம் பணிக்கிறது; ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை நீதியினின்றும் நம்மைச் சறுக்கிவிடக்கூடாது என்று 'அல்மாயிதா' எச்சரிக்கிறது. முஸ்லிம் வழக்குரைஞனாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன் அவன் சாட்சி. இது மார்க்கத்தின் விடை. உலகியலில் சொன்னாலும், ஒரு முறை கள்ளப்படியோடு பிடிபட்ட வணிகனின் நல்ல சரக்கும் பிறகு விலைபோவதில்லை. நம் குறைகள் உண்மையானவை. உண்மையைச் சொல்ல மிகை தேவையில்லை. மிகை அந்த உண்மையின்மீதும் ஐயத்தை வருவிக்கும்.

ஆகவே, சமுதாயங்களை ஒப்பிட்டுப் பேசுவோர் சில ஒழுங்குகளை மேற்கொள்ளலாம். இரு தரப்பின் அசல் எண்களையும் முதலில் சொல்லிவிடவேண்டும். அவை இருந்தால் கேட்போன் புள்ளியையும் மடங்கையும் தானே கண்டுகொள்வான். புள்ளியைப் புள்ளி என்றும் விழுக்காட்டை விழுக்காடு என்றும் பெயர் மாற்றாமல் சொல்லவேண்டும். எந்த ஆண்டு, எந்த வயது, யார் யாரை எண்ணியது என்பதை மறைக்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்கும்போது எந்தப் படியோ கொடுக்கும்போதும் அதே படி என்று உறுதிகொள்ளவேண்டும்.

இதற்கான வேளை நெருங்கியிருக்கிறது. 2021இல் நடந்திருக்கவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2027இல் நடக்குமென்றும், 1931க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதியினரும் அதில் எண்ணப்படுவர் என்றும் நடுவண் அரசு அறிவித்திருக்கிறது. அந்த எண்கள் வெளிவரும் நாளில் ஒவ்வொரு சமுதாயமும் தன் படியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வரும். நம் ஜமாஅத்துகள் அதற்குள் ஒரு நற்பணி செய்யலாம். உக்கடத்திலும் கோட்டைமேட்டிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் மஹல்லா தோறும் பள்ளிப் படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தாமே எண்ணிப் பார்க்கலாம். அந்தக் கணக்கில் விழுக்காடும் வேண்டா, புள்ளியும் வேண்டா, மடங்கும் வேண்டா. பெயரும் வீடும் போதும்; ஏன் நின்றாள், மீண்டும் சேர என்ன வேண்டும் என்பது போதும். 'ஓதுக' என்று தொடங்கிய இறைச்செய்தியை ஏற்ற சமுதாயத்தில் 24 பேர் என்பது ஓர் எண் மட்டும் அன்று. நூறு பெண்கள் கூடிய கல்யாண வீட்டில், பத்திரிகையில் அச்சிட்ட மணமகளின் பெயரை வாசிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் இருபத்து நான்கு தாய்மார்கள் அவர்கள்.

நாளை மஹ்ஷரில் நிறுத்தப்படும் மீஸானில் இரு வகை எடைக்கல் இராது. அங்கே நம் சமுதாயத்துக்கு ஒரு தராசு, அயலாருக்கு ஒரு தராசு என்ற பேச்சுக்கும் இடமில்லை. இங்கே நாம் எதனால் அளந்தோமோ அதுவும் அங்கே விசாரிக்கப்படும். எடுக்கவும் கொடுக்கவும் ஒரே படியை ஏந்தும் நெஞ்சுரத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக, ஆமீன்.